பின்னால் நகராத சீட்டு

ரத்தம் எடுப்பதில் ஊசியக்காவை மிஞ்ச ஆளில்லை. பரிசோதனைக்கூடத்தில் காலை ஆறு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். "எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்பார். பதில் முடிவதற்குள் குழாய் நிறைந்து, பஞ்சு ஒட்டி, அடுத்தவர் நாற்காலியில் இருப்பார். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி, அதே கேள்வி. ஆள் நாலடி பத்தங்குலம். குரல் மட்டும் ஆறடி.

ஏழு வருடத்துக்கு முன் அந்த நாற்காலிக்கு ஒரு முரட்டு ஆள் வந்தார். கதவு அகலத் தோள். ஊசியைக் கண்டதும் பொத்தென்று சாய்ந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வெளியில சொல்லிடாதீங்கக்கா. ஏரியில விண்ட்சர்ஃபிங் சொல்லிக் குடுக்குறவன் நான். ஒரு நாள் வாங்க, சும்மாவே கத்துத் தர்றேன்." வாயை மூட ஒரு லஞ்சம். அக்கா பாடத்தை வாங்கிக்கொண்டார், வாயை மூடவில்லை. கூடம் முழுக்க இன்றைக்கும் அந்தக் கதை தெரியும்.

பலகைமேல் நின்று, அதில் நட்ட பாயைக் கைகளால் பிடித்து, காற்றோடு தண்ணீரில் பறக்கிற விளையாட்டு அது. முதல் மாதம் அக்கா ஏரியில் பாதியைக் குடித்தார். இரண்டாம் மாதம் எழுந்து நின்றார். அப்புறம் விடவே இல்லை.

வில்லங்கம் கீழ்வீட்டில் இருந்தது. மாடியில் அக்கா, கீழே அண்ணனும் அண்ணியும், வீட்டை ஒட்டி அண்ணனின் மெத்தைக் கடை. அக்காவுக்கு வேலை இரண்டு மணிக்கு முடியும், ஏரியில் காற்று மூன்று மணிக்குக் கிளம்பும், அண்ணனுக்கு மெத்தை அனுப்புகிற அவசரமும் சரியாக மூன்று மணிக்குத்தான் வரும். கடைக்கு வண்டி வாங்க அவருக்கு மனசில்லை. தங்கச்சியிடம்தான் வேன் இருக்கிறதே!

"காற்றுள்ளபோதே தூற்றிக்கணும்மா. சீசன் வியாபாரம்" என்பார் சாவியை எடுத்தபடி.

"காத்து என்னோடது, தூத்துறது நீங்களாண்ணா?" என்பார் அக்கா. சாவி போய்விட்டிருக்கும்.

போன சீசனில் நல்ல காற்று அடித்த நாட்கள் இருபத்துமூன்று. அக்காவுக்குக் கிடைத்தவை நான்கு. கடைசியில் ஓர் இரும்புக் கட்டிலைச் சுமந்துபோன வழியில் அந்த வேன் நடுரோட்டில் உயிரை விட்டது. இந்த சீசன் தொடங்க மூன்று வாரம். புது வேனும் மெத்தை வண்டியானால், பலகையை விற்றுவிட்டுத் தையல் வகுப்பில் சேர்வதாக அக்கா சபதம் போட்டிருந்தார்.

"பத்து மெத்தை போற மாதிரி பாரு" என்று அண்ணன் யோசனை சொல்லி அனுப்பினார்.

அக்கா திரைச்சீலைக் கம்பி ஒன்றைப் பலகையின் நீளத்துக்கு வெட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு, பழைய வேன் விற்கும் இடங்களில் ஏறி இறங்கினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற கட்சி. முதல் வேனில் கம்பி கதவுக்கு வெளியே ஒரு சாண் நீட்டியது. இரண்டாவதில் பலகை, பாய், அண்ணன், இருபது மெத்தை எல்லாமே போகும். அதனாலேயே அது வேண்டாம்.

மூன்றாவது இடத்தில் ஒரு குட்டி வெள்ளை வேன். விற்பவர் டிரைவர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். நகர்கிற வழியாக இல்லை.

"பின்னாடி பாருங்கம்மா. இன்ஜின் பாருங்க."

"நான் உக்காந்து பாக்கணும்."

"உக்கார என்ன இருக்கு? எல்லா சீட்டும் ஒண்ணுதான்."

"தள்ளுங்க சார். வலிக்காது."

ஏறி உட்கார்ந்தார். சீட்டு ஸ்டியரிங்கை முட்டிக்கொண்டு இருந்தது. சீட்டை நகர்த்த அடியில் இருந்த நெம்புகோலை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ம்ஹூம்.

விற்பவர் தலையைச் சொறிந்தார். "முன்னாடி வச்சிருந்தது ஒரு பேக்கரி அம்மா. உங்க உயரம்தான். நகத்தவே இல்ல, துருப்பிடிச்சுப் போச்சு. ரெண்டு நாள் குடுங்க, பிரிச்சு மாட்டிடுறேன்."

அக்கா இறங்கிப் பின்கதவு வழியாகக் கம்பியை விட்டுப் பார்த்தார். சீட்டு முன்னால் நிற்பதால் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்துப் பொருந்தியது. அண்ணன் ஆறடி ஓரங்குலம் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"சீட்டுல கை வச்சீங்க, வண்டி எனக்கு வேண்டாம்."

"அம்மா?"

"ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக் கூடாது."

முப்பது வருடமாக வண்டி விற்கிறவர், பழுது வேண்டும் என்று அடம்பிடித்த ஆளை அன்றுதான் பார்த்தார். சந்தேகத்தோடு டீ வரவழைத்தார்.

சீசனின் முதல் சனிக்கிழமை, மூன்று மணி. வாசல் மரம் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. பலகையும் பாயும் ஏற்றியாகிவிட்டது. அண்ணன் ஒரு மெத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேட்பதற்குள் அக்காவே சாவியை நீட்டினார்.

அண்ணன் ஒரு காலை உள்ளே விட்டார். மற்றொரு கால் வருவேனா என்றது. மடக்கிச் சொருகியபோது முழங்கால் காதைத் தொட்டது, ஹாரன் தானாக அலறியது.

"சீட்டைத் தள்ளு!"

"தள்ள மாட்டேங்குதுண்ணா."

"சரி பண்றதுதானே?"

"பண்ணணும். பாக்கலாம்." இருபத்தாறு வருடமாக "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லும் அதே முகம்.

அண்ணன் ஒரு வழியாக வெளியே பிதுங்கினார். சட்டென்று அவர் கண் மின்னியது. கடைப் பக்கம் திரும்பி, "ஏம்மா! உன்கிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?" என்றார்.

அண்ணி வந்தார். அவரும் நாலடி பத்தங்குலம்தான்! அத்தனையும் அளந்த அக்கா இதை அளக்க மறந்துவிட்டார். அண்ணி ஏறி உட்கார்ந்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அக்காவின் கண் முன்னே தையல் ஊசிகள் பறந்தன.

"பாத்தியா!" என்றார் அண்ணன். "அந்தப் பலகையை எடு, மெத்தையை வைப்போம்."

அண்ணி கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார். பின்னால் கிடந்த பலகையைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். லைசென்ஸ் வாங்கிப் பதினாறு வருடத்தில் அவர் கைக்கு ஒரு ஸ்டியரிங் வந்தது இப்போதுதான்.

"ஏரி எவ்வளவு தூரம்?"

"இருபது நிமிஷம் அண்ணி."

"ஏறு."

"ஏய், மெத்தை?" என்றார் அண்ணன்.

"ரெண்டே சீட்டுங்க. நீங்க எங்க உக்காருவீங்க?" என்றார் அண்ணி. வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது.

ஆறரைக்குத் திரும்பியபோது அண்ணன் வாசலில் மெத்தையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அக்காவின் தலையில் தண்ணீர் சொட்டியது. அண்ணியின் தலையிலும்.

"அந்த சீட்டை எப்பதான் சரி பண்ணப் போற?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பாக்கலாம்."