செசிக்குள் இருந்த கடல்

நான் மீன் ஏற்றி ஓட்டிய முதல் கெப் வண்டி, ஒரு மாரிகாலக் காலையில் நிலாவெளி வீதியில் இரண்டாக முறிந்தது. முன்னால் யாரும் வரவில்லை, பின்னால் யாரும் இடிக்கவில்லை, நான் வேகமாகவும் போகவில்லை. ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் வண்டியின் பின்பாதி நிலத்தில் உட்கார்ந்திருந்தது. பெட்டிகள் உருண்டு, ஐஸும் பாரை மீனும் வீதி முழுக்கப் பரவிக் கிடந்தன. காகங்களுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்.

மீனைப் பொறுக்கி முடிப்பதற்குள்ளேயே தீர்ப்பு வந்துவிட்டது. அந்த மீனின் சொந்தக்காரர், எங்கள் படகுத்துறையில் நாலு படகு வைத்திருக்கிற முதலாளி, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முறிந்த வண்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"பொம்பிளை வண்டி ஓடினா வேற என்ன நடக்கும்?" என்றார். "பள்ளம் கிடங்கு பாத்து ஓடத் தெரியாது. இனி என்ட மீன் உங்கட வண்டியில ஏறாது."

நான் பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறவள். புல்மோட்டையிலிருந்து திருகோணமலை வரை அந்த வீதியில் எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து மிச்ச மீனைப் பொறுக்கினேன். முறிந்து கிடக்கிற வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன நியாயம் சொல்ல?

கிண்ணியாவில் எங்களுக்குப் பழக்கமான வெல்டிங் கடை ஒன்று உண்டு. கடைக்காரரை, அங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல, நாங்களும் நானா என்போம். வண்டியை அங்கே இழுத்துப் போனோம். வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகிற நீள இரும்புச் சட்டத்தைத்தான் செசி என்பது. அது உள்ளே கூடான இரும்பு. முறிந்த இடத்தை ஒட்ட முடியுமா என்று பார்க்க, நானா செசியின் அடியில் கொஞ்சம் வெட்டினார். வெட்டின இடத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. சொட்டவில்லை, கொட்டியது. கறுத்த தண்ணீர், அதோடு மணல், மீன் செதில், தகடு தகடாக உரிந்த துருக் கறள். மாரியில் தேங்கிய தண்ணீர் நாறும் என்று தெரியும், இரும்புக்குள் தேங்கிய மீன் தண்ணீரின் நாற்றத்தை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"இவ்வளவு தண்ணி எப்படி உள்ள நிண்ட?" என்று நானா வியந்தார். பிறகு படுத்து, அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். "செசியில தண்ணி வடியக் கொம்பனிக்காரன் வெச்ச ஓட்டையெல்லாம் ஆரோ அடைச்சிரிக்காங்க. அதுவும் நல்ல வடிவா அடைச்சிரிக்காங்க."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் பைபர் படகு ஒட்டுகிறவர். கல்லில் அடிபட்டு ஓட்டையான படகை அவரிடம் கொண்டுபோனால், கண்ணாடி நார்த்துணியை அளவாக வெட்டி, ரெசின் பூசி, தேய்த்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் செய்துவிடுவார். அந்த வண்டியை வாங்கின புதிதில் ஒருநாள் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சாரும், உம்மட வண்டி அடியெல்லாம் ஓட்டை. மாரித் தண்ணி உள்ள போயிடும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு ஓட்டையாக ஒட்டினார். சும்மா சொல்லக்கூடாது, ரெசின் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எனக்கு எவ்வளவு கரிசனையான புருஷன் வாய்த்திருக்கிறார் என்று பெருமைப்பட்டு, இரண்டு தரம் பால் விடாத பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுத்தேன்.

படகு பழகினவருக்குத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, அது ஒன்றுதான் சட்டம். ஆனால் மீன் ஏற்றுகிற கெப்புக்குத் தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. பெட்டிகளில் ஐஸ் கரைந்து, மீன் உப்போடு சேர்ந்து, வயர் போகிற துவாரங்கள் வழியே செசிக்குள் இறங்கிவிடும். வாடைக்காற்று கடலையே தூக்கி வீதியில் எறிகிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். இறங்கின தண்ணீர் போக வழி வேண்டும். அந்த வழியைத்தான் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அடைத்திருந்தோம்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினோம். அப்போது என் வீட்டுக்காரர், "நான் போய் முதலாளியிட்டச் சொல்லட்டே?" என்று கேட்டார்.

"சொல்லிப்போட்டு? வண்டியின்ட வடிகால அடைச்ச மனிசனிட்ட ஆர் படகு குடுப்பான்? சிரிச்சே சாவாங்கள். பேசாம இருங்கோ" என்றேன். நானாவிடமும் இதை வெளியில் கதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார்.

அப்படி அந்தப் பழியை நானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். தியாகி என்று என்னை நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு நாளும் எனக்குப் பற்றி எரிந்தது. பிறகு வாங்கின வண்டியைத் துறையில் பெட்டி ஏற்றப் பின்னால் எடுக்கும்போதும், "அக்கா, பாத்து, பாத்து, முறிஞ்சிடும்" என்று எவனாவது கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து குசினியில் சட்டியைப் போட்டு உடைத்திருக்கிறேன். இரண்டு சட்டிக்கு மேல் உடைக்கவில்லை, புதுச் சட்டி வாங்குவதும் நான்தானே.

ஒட்ட முடியாத முதல் வண்டியை இரும்புக்கு விற்றுவிட்டு, இரண்டாவது கெப்பை மலைநாட்டிலிருந்து எடுத்தோம். மரக்கறி ஏற்றிக்கொண்டு குளிரில் திரிந்த, கடலைக் கண்டேயிராத வண்டி. நாட்டுக்குள் புது வண்டிகள் வராமல் நிறுத்தியிருந்த காலம் அது. இது போனால் இன்னொன்று எடுக்க எங்களால் ஏலாது. நானா அடியில் படுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாரிக்கி. ஆனா கடக்கரை ஓட்டம், மூணு மாரி தாண்டினா பெரிய காரியம்" என்றார்.

மூன்று மாரியா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வண்டியும் முறிந்தால் என் பெயர் அதோடு சரி. பிறகு நான் ஆயிரம் விளக்கம் சொன்னாலும் ஒரு காகக்குஞ்சும் நம்பாது.

ஒவ்வொரு நாளும் மீன் இறக்கிவிட்டு வந்ததும் வண்டியின் அடியைக் கழுவத் தொடங்கினேன். முதல் ஒரு மாதம் எங்கள் வீட்டு வளவுக் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். நன்றாகத்தான் கழுவுகிறேன், ஆனால் காய்ந்த பிறகு இரும்பில் வெள்ளையாக ஏதோ படிகிறது. ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! எங்கள் கிணறு உவர்க் கிணறு என்பது குடிக்கும்போது தெரிகிறது, கழுவும்போது மறந்துவிடுகிறது. ஒரு மாதமாக நான் என் வண்டிக்கு உப்புத் தண்ணீரால் அபிஷேகம் செய்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் என்னை நானே பேசித் தீர்த்தேன். அடுத்த நாளிலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து, செசியின் ஒரு துவாரத்துக்குள் ஹோஸைச் செருகி, மற்றத் துவாரத்தால் தெளிந்த தண்ணீர் வருமட்டும் விட்டேன்.

கழுவினால் மட்டும் போதாது, உள்ளே எண்ணெய் படிய வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய ஒயிலை வெளியே பூசுவார்கள், கறுப்பாகப் பளபளக்கும், பார்க்க நல்லாயிருக்கும். உள்ளே தூரிகை போகாதே? தம்பலகாமத்தில் என் தங்கையின் புருஷன் வயல் செய்கிறார். ஒருநாள் அங்கே போய்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு பயிருக்கு மருந்தடிப்பதைப் பார்த்தேன். அந்தப் பம்பின் வாயிலிருந்து புகை போல நாலா பக்கமும் மருந்து பறந்தது. சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன்.

அவருடைய பழைய பம்பைக் கேட்டு வாங்கி வந்தேன். மெல்லிய செப்புக் குழாய் ஒன்றின் நுனியை நசுக்கி அடைத்து, பக்கவாட்டில் ஊசித் துவாரங்கள் போட்டேன். கியர் ஒயிலில் கிறீஸைச் சூட்டில் கரைத்து ஊற்றி, குழாயைச் செசிக்குள் விட்டு அடித்தேன். முதல் தரம் பம்பின் ரப்பர் வாசர் ஒயிலில் ஊதிப் பெருத்து, எண்ணெய் முழுக்க என் தலையில் வந்தது. இரண்டாம் தரம் சரிவந்தது. துவாரங்கள் எல்லாவற்றாலும் எண்ணெய் வழிந்ததைப் பார்த்து, மண்ணில் படுத்தபடியே கைதட்டினேன்.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, வண்டிக்குப் பூச்சி பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டாள். அது இரண்டு நாளில் துறை முழுக்கப் பரவியது.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, கிட்டவும் வரவில்லை. நான் வண்டிக்கு அடியில் கிடந்தால் அவர் தூரத்தில் ஒரு படகைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தேய்த்து முடித்த படகையே திரும்பத் தேய்ப்பார். எனக்குக் கோபமும் இரக்கமும் மாறி மாறி வரும்.

ஒரு மாரி போனது. இரண்டு போனது. மூன்றாவது மாரி பொல்லாத மாரி, ஒரு கிழமை தொடர்ந்து வெயிலே இல்லை. காற்று இறங்கிய பிறகு வந்த ஒரு காலையில், துறையில், என்னை விலக்கிய பிறகு முதலாளி எடுத்த கெப் ஒரு பக்கம் சரிந்து நின்றது. செசியில் வெடிப்பு விழுந்துவிட்டது. அவருடைய ஓட்டுநர், மீசை வைத்த ஆம்பிளைதான், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். படகு நிறைய மீன் வந்திருந்தது, ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த நானா, இன்றைக்கு இந்த வண்டி அசையாது என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் துறையில் வெறுமையாக நின்றது என் வண்டி ஒன்றுதான்.

முதலாளி என்னிடம் வந்தார். கேட்க வந்தவர், கேட்கிற மாதிரியா கேட்டார்? "நானா, முதல்ல இவவின்ட வண்டிய ஒருக்காப் பாருங்கோ. திரும்பவும் என்ட மீன் ரோட்டில கிடக்கக்கூடாது" என்றார். என் காது சூடாகிவிட்டது. "பாருங்கோ நானா, வடிவாப் பாருங்கோ" என்றேன்.

நானா சாக்கை விரித்துப் படுத்து உள்ளே போனார். சுத்தியலால் தட்டுகிற சத்தம் முன்னாலிருந்து பின்னால் போனது. ஒவ்வொரு தட்டும் கோயில் மணி போலக் கணீரென்றது. வலைகாரர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். வெளியே வந்த நானாவின் விரல் எண்ணெயில் மினுங்கியது, கறள் ஒரு பொட்டும் இல்லை.

"தங்கச்சி, நான் தோத்துட்டன்" என்றார் சிரித்துக்கொண்டு. "மூணு மாரி ஓடின வண்டியா இது? மலையில இருந்து வந்த நாள் மாதிரியே இரிக்கி."

எனக்குச் சத்தம்போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரித்தும்விட்டேன். ஆனால் முதலாளி விடவில்லை.

"அப்ப முதல் வண்டி ஏன் முறிஞ்சது?" என்றார். "அது ஓடின பிழைதானே?"

நானா என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

"அவ ஓடினதில பிழையில்ல."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். என் வீட்டுக்காரர். கையில் ரெசின் காய்ந்திருந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு நடுவுக்கு வந்தார்.

"அந்த வண்டிய முறிச்சது நான். செசியில தண்ணி வடியிற ஓட்டையெல்லாத்தையும் படகு எண்டு நினைச்சு நான்தான் அடைச்சனான். தண்ணி உள்ள நிண்டு இரும்பைத் திண்டுபோட்டுது. என்ட தொழில் கெட்டுப்போகும் எண்டு இவ்வளவு நாளும் இவ பேச்சு வாங்கினவ. சிரிக்கிறவங்கள் என்னைப் பாத்துச் சிரியுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி ஆட்களைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? அக்காட வண்டியில பெட்டிய ஏத்துங்கோ" என்றார். என்னிடம் திரும்பி, "நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றும் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இருபத்தாறு பெட்டி ஏறியது. என் வீட்டுக்காரர் கேட்காமலே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவர் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தரம். வீதிக்கு வந்ததும் கண் கலங்கி எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"இனி ஆர் உங்களிட்டப் படகு தருவாங்கள்?" என்று கேட்டேன்.

"தராட்டி விடட்டும். உம்மோட பெட்டி இறக்க வாறன்" என்றார்.

"மூண்டு வருஷம் எடுத்தீங்களே, இந்த நாலு வார்த்தையச் சொல்ல!"

"ஓம். பயந்தனான்" என்றார், அவ்வளவு நேராக.

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் வீதியோரத்திலேயே விட்டேன். வண்டியை எடுத்தேன். முழுப் பாரத்தோடு நகரம் வரைக்கும் நான் ஓட்ட, என் புருஷன் பக்கத்தில் இருந்து, எதிரே வந்த ஒவ்வொரு தெரிந்த முகத்துக்கும் கை காட்டிக்கொண்டு வந்தார்.