கை கட்டி நின்ற டீச்சர்

போன சனிக்கிழமை காலை, திருநள்ளாறு லாட்ஜுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது பவித்ராதான். ரிசப்ஷன் கவுன்ட்டருக்குப் பின்னால், இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு தவிப்பு.

அவளுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் கலியபெருமாள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் ரூம் கேட்டு ஒரு சின்ன வரிசை. அதில் முதல் ஆளாக, குளத்தில் குளித்த ஈரத் தலையோடு ஓர் அம்மாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

“அந்தப் பொண்ணு என்னங்க தப்பு பண்ணுச்சு? இப்படி நிக்க வச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் பண்ணிடக் கூடாதுன்னுதாங்க நிக்க வச்சிருக்கேன்” என்றார் கலியபெருமாள், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத விஷயத்தை விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் எனக்கு இல்லை, இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். பையை ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். அந்த லாட்ஜுக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். கலியபெருமாள் வரிச்சிக்குடிக்காரர், வயது ஐம்பத்தெட்டு. லாட்ஜ் திறந்த நாள் முதல் ரிசப்ஷனில் இருப்பவர். பவித்ராவுக்கு இருபத்து நான்கு. அவரைப் ‘பெரியப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். சொந்தமெல்லாம் இல்லை... பாசம்.

போன வருடம் ரூம் போடுவதற்கு ஒரு சாப்ட்வேர் வந்தது. கம்பெனி ஆள் ஒருவர் வந்து ஒரு மத்தியானம் முழுக்க விளக்கினார். எல்லோரும் தலையாட்டினோம். மறுநாளிலிருந்து ஒரு காட்சி தினமும் நடந்தது. கலியபெருமாள் மவுஸில் கை வைப்பார். உடனே பவித்ராவின் கை குறுக்கே வரும். “இருங்க பெரியப்பா, நான் போட்டுடுறேன்.” அவள் இல்லாவிட்டால் மேனேஜர் ஓடி வருவார். “அண்ணே, நீங்க டீ சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்.”

யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. நல்ல நாற்காலி, தலைக்கு நேராக ஃபேன், நேரத்துக்கு டீ. வேலை செய்கிற இடத்தில் ஒரு மனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த மாதம்தான் அது எனக்குத் தெரிந்தது.

முதலாளி நாற்பது வயதுக்காரர். தன் அப்பா காலத்து ஆள் என்பதால் கலியபெருமாளை அவரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஷிப்ட் மாற்றம் பற்றி என்னிடம் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து கவுன்ட்டரில் ஒருவர்தான். அது பவித்ரா. “அண்ணனுக்குத்தான் கம்ப்யூட்டர் வரலையே சார். மாடி ரூமுங்களை மேற்பார்வை பாக்கட்டும். இந்த வயசுல அவருக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

மாடி என்றால் மூன்று மாடி. லிப்ட் கிடையாது. கலியபெருமாளுக்கோ முழங்கால் வலி. வாசலில் இருக்கிற சின்னப் படிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். மாடிக்குப் போனால் சில மாதங்களில் அவரே “போதும் தம்பி” என்று நின்றுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. முதலாளி இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு உறுத்தியதே அதுதான்.

அன்று சாயங்காலம் கலியபெருமாளிடமே கேட்டேன். முதலாளி அவரிடமும் சொல்லியிருந்தார்.

“அண்ணே, நெசமாவே வரலையா அது?”

“வருதா வரலையான்னு எனக்கே தெரியாது தம்பி. தெரியறதுக்குள்ள யாராவது மவுஸை வாங்கிடுறாங்க. முழுசா ஒரு ரூம் நான் போட்டதே இல்ல. தப்பாக்கூடப் போட்டதில்ல.”

தப்பாகக்கூடப் போட்டதில்லை. டைரியில் அன்றைக்கு இந்த ஒரு வரிதான் எழுதினேன். ஒரு வருடமாக ஒருவருக்குத் தப்பு செய்யவே வாய்ப்புக் கொடுக்காமல், அவருக்கு வரவில்லை என்று எப்படி முடிவு கட்டினோம்?

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

“என்னம்மா இது?” என்று பவித்ராவிடம் மெல்லக் கேட்டேன்.

“பெரியப்பா ஆர்டர் சார். செவ்வாக்கெழமையிலேர்ந்து இப்படித்தான். அன்னிக்கு வழக்கம்போல மவுஸை வாங்கப் போனேன். ‘எம் மேல மரியாதை இருக்கா’ன்னாங்க. இருக்கு பெரியப்பான்னேன். ‘அப்ப கையைக் கட்டு’ன்னுட்டாங்க.”

“கஷ்டமா இருக்கா?”

“ரொம்ப சார். அவங்க அந்த அம்புக்குறியைத் தேடறப்ப எனக்கு மூச்சு முட்டுது.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு சார். எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலைங்கறதே இப்பத்தான் தெரியுது. ‘இதுல போயி இதை அமுக்குங்க’ன்னா, அவங்களுக்கு எது ‘இது’? கை கட்டியிருக்கிறதால வாயால சொல்லியாகணும். ‘மேல, எடது பக்கம், நீலமா ஒரு பொட்டி.’ அப்படிச் சொன்னா டக்குனு புடிச்சிக்கிறாங்க.”

இன்னொன்றும் சொன்னாள். முதல் நாள் சும்மா நின்று பார்த்தபோதுதான், அவர் ஒவ்வொரு வரிக்கும் மூக்கை ஸ்கிரீனில் இடிக்கிற மாதிரி குனிவதைக் கவனித்திருக்கிறாள். எழுத்தைப் பெரிதாக்குவது எங்கே என்று சொன்னாளாம். அவரே பெரிதாக்கிக்கொண்டாராம். ஒரு வருடமாக அவருக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அவரைப் படிக்க விட்டால்தானே.

இதற்குள் ஸ்கிரீனில் சிவப்பாக ஒரு வரி. சாப்ட்வேர் ரூம் தர மறுக்கிறது. வரிசையில் முணுமுணுப்பு. பவித்ரா உதட்டைக் கடித்தாள்... கட்டிய கைக்குள் விரல்கள் துடித்தன.

சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து முதலாளி வந்தார். சிவப்பு வரியைப் பார்த்தார். கை தானாக மவுஸுக்கு நீண்டது.

“இருங்கண்ணே, நான்...”

“தம்பி, நீங்களும் கையைக் கட்டுங்க.”

முதலாளி பவித்ராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

“மொதலாளியுமா?” என்றார் ஈரத் தலை அம்மாள்.

கலியபெருமாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார்.

“அட... வர்ற தேதியும் போற தேதியும் ஒண்ணாப் போட்டுட்டேன். எப்பம்மா காலி பண்றீங்க?”

“நாளைக்குக் காலையில.”

தேதியை மாற்றினார். சிவப்பு போனது. பிரின்டர் கரகரவென்று பில்லைத் தள்ளியது. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்து “வாங்க” என்றார், அந்த வேலையை எப்போதும் செய்கிறவர் மாதிரி. பவித்ராவைவிட நேரம் அதிகம் எடுத்தார் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் யாரும் ரூம் இல்லாமல் திரும்பிப் போகவில்லை.

முதலாளி அங்கே கொஞ்ச நேரம் நின்றார். கையை அவிழ்க்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சனி, ஞாயிறு கூட்டத்துக்கு ரெண்டு பேரும் இருக்கட்டும் சார். மத்த நாளு ஆளுக்குப் பாதியாப் பிரிச்சிருங்க. மாடிக்கு வேற ஆளு பாப்போம்.”

கலியபெருமாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அப்போது அடுத்த ஆளின் ஆதார் கார்டுதான் முக்கியம்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். வயதானவரின் கையில் இருக்கிற பையை வாங்கிக்கொள்கிறோம், சரி. அதே வேகத்தில் அவர் கையில் இருக்கிற வேலையையும் வாங்கிக்கொள்கிறோமே... பை கனம் குறைந்தால் நிம்மதி. வேலை கனம் குறைந்துகொண்டே போனால்?

எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. இந்த வாரப் பத்தியை முதல்முறையாக நானே டைப் செய்தேன். என் மகள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு.