தாழிமேட்டில் பீங்கான் உடைசல்

சைக்கிளை நிறுத்தியதுமே பெரியநாயகி தலையில் கை வைத்துக்கொண்டாள். தாழிமேட்டுச் சரிவில் ஒரு டிப்பர் நிறையப் பீங்கான் உடைசலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் காலத்துச் சனங்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு அது. 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்ற நீலப் பலகைக்கு அடியிலேயே மூக்கில்லாத பிள்ளையார்களும் காதுடைந்த டீ கப்புகளும் குவிந்து கிடந்தன.

அவள் அங்கே காவலுக்கு வந்து ஆறு வருஷம். ஆடு மேய்ப்பவர்களிடமும் புதையல் தேடி வருகிறவர்களிடமும் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போயிருந்தது. இப்போது இது வேறு. தொல்லியல் துறை மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"ஜேசிபி வச்சு அள்ளிடலாங்களா சார்?"

"மிஷினா? அங்க மண்ணுல கையே வைக்கக்கூடாதும்மா. அனுமதி கேட்டு எழுதி அனுப்புங்க."

"கொட்டுனவன் அனுமதி வாங்கிட்டா சார் கொட்டுனான்?"

போன் கட்டாகிவிட்டது. எழுதி அனுப்பினாள். ஒரு மாதமாகியும் பதில் இல்லை. மேட்டைப் பார்க்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கப் துண்டைக் கையில் எடுத்து, "இது எந்தக் காலத்துதுங்க அக்கா?" என்றாள்.

"போன தீவாளிக் காலம்!" என்று வெடித்தாள் பெரியநாயகி.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஒரு பிள்ளையாரைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் இருந்த அச்சுக்குறி, முன்பு பன்னிரண்டு வருஷம் அவள் பொம்மைக்கு வண்ணம் பூசிய பட்டறையுடையது. அதைப் பையில் போட்டுக்கொண்டு விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினாள். பட்டறை முதலாளி திருமாலின் மேஜைமேல் வைத்தாள்.

"ஒங்க புள்ளையாருங்க. எங்க மேட்டுல கெடக்குது. ஆள வுட்டு அள்ளுங்க. மிஷின் ஆவாது, கூடையிலதான்."

"டிப்பர்காரன் பண்ண வேலைம்மா அது. நான் என்னா பண்றது?"

"ஆள் அனுப்புற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவள் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. வந்து போன வியாபாரிகளெல்லாம் விசாரிக்கத் தொடங்கியதும், சாயங்காலம் திருமால் ஆறு பேரை அனுப்ப ஒப்புக்கொண்டார்.

நான்கு நாள் அள்ளினார்கள். ஒவ்வொரு கூடையையும் நிறுத்தித் துழாவினாள். கறுப்பும் சிவப்புமாகப் பழைய ஓடு அகப்பட்டால், கிடந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னாள்.

"ஒரு ஓட்டுக்கா இவ்ளோ பாடு?" என்று அலுத்துக்கொண்டார் ஒருவர்.

"அது ஒருத்தரப் பொதச்ச தாழிங்க. கீழ வைங்க."

சரிவு சுத்தமான மறுநாள் மேலதிகாரியின் கடிதம் வந்தது. வெளியாட்களை உள்ளே விட்டதற்கு ஏழு நாளில் விளக்கம் கேட்டிருந்தார். அவள் இரண்டு பக்கம் எழுதி, உடைசல் குவிந்து கிடந்தபோது எடுத்த போட்டோக்களையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அனுமதி கேட்டு எழுதிய தேதியை முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்.