இசோ திருப்பி வைத்த தட்டு

இசோ மேடையில் பேசமாட்டாள். குரே துறைமுகச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த நாற்பது பெண்களையும் சங்கத்தில் சேர்த்தது அவள்தான். ஐம்பத்து மூன்றாம் வருஷ வேலைநிறுத்தத்தில் பதினேழு நாள் வாசலை விட்டு நகராமல் நின்றதும் அவள்தான். ஆனால் மேடைக்குக் கூப்பிட்டால், "வாளி தூக்கச் சொல்லு, தூக்குறேன். பேசச் சொல்லாத" என்று போய்விடுவாள்.

நான் அப்போது சங்கச் செயலாளர். பயம் என்று நினைத்தேன். ஒருநாள் துவைக்கும் தொட்டிப் பக்கம் போய்க் கேட்டுவிட்டேன்.

"ஏன் இசோக்கா, நாக்குல என்ன சுளுக்கா?"

"ரெண்டு தடவ பேசியிருக்கேன். போதும்." ஈரப் போர்வையின் ஒரு முனையை என் கையில் திணித்தாள். "சும்மா நிக்காத. பிழி."

பிழிந்துகொண்டே சொன்னாள். பாதி கதை எனக்கும் தெரிந்ததுதான். தெரியாதது மறுபாதி.

அவள் புருஷன் ரியோகிச்சி, விமானம் தாங்கிக் கப்பலில் சமையல்காரன். நாற்பத்திரண்டாம் வருஷம் மே மாதக் கடைசியில் கப்பல் கிளம்பியது. எங்கே என்று சொல்லவில்லை. அவன் போன அன்றிலிருந்து இசோ வீட்டில் தினமும் ஒரு தட்டு வைத்தாள். வெளியே போனவனுக்கு வீட்டில் சோறு வைத்தால் அவன் அங்கே பட்டினி கிடக்கமாட்டான் என்பது எங்கள் வழக்கம். பார்லி கலந்த சோறு, முள்ளங்கி ஊறுகாய், மூடி போட்ட கிண்ணத்தில் சூப். அவன் போன திசையைப் பார்த்துத் தட்டை வைக்கவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால் உள்பக்கம் நீர் கோத்திருக்கும். மூடி வேர்த்தால் ஆள் நலம். ஜூன் ஐந்தாம் தேதியும் மூடி வேர்த்திருந்தது. அன்றைக்குத்தான் மிட்வே தீவுப் பக்கம் அவன் கப்பல் எரிந்துகொண்டிருந்தது.

பத்தாம் தேதி வானொலியில் கடற்படை அணிவகுப்புப் பாட்டு போட்டார்கள். பிறகு செய்தி: பெரிய வெற்றி. எதிரியின் தாங்கிக் கப்பல் இரண்டு மூழ்கியது. நம் பக்கம் ஒன்று போச்சு, ஒன்றுக்கு அடி. எங்கள் தெருக்குழுத் தலைவர் முனேகத்தா கோயில் முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார். ஆளுக்கு ஒரு கொடி கொடுத்தார். கப்பல்காரன் பெண்டாட்டி என்று இசோவைப் படியில் ஏற்றிவிட்டார்.

"ரெண்டு வார்த்தை சொல்லும்மா. சனங்க கேக்கணும்ல."

"என் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்கார்" என்றாள் இசோ. "எல்லாரும் ஜெயிச்சுட்டு நல்லபடியா வருவாங்க."

கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். என் கையும் தட்டியது.

மூழ்கியது ஒன்றில்லை, நான்கு. நான் அப்போது கப்பல் கட்டும் தளத்தில் ஆணி அடிக்கிறவன். எந்தக் கப்பல் எங்கே நிற்கும், எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று எண்ணத் தெரியாதவன் எவனும் அங்கே வேலை பார்க்கவில்லை. எண்ணினோம். எண்ணினோம் என்று ஒருத்தனும் ஒருத்தனிடமும் சொல்லவில்லை. செய்தி தெரிந்த ஆட்கள் இன்னும் சிலர் இருந்தார்கள்: எண்ணெயில் நீந்திப் பிழைத்து வந்தவர்கள். அவர்களை வீட்டுக்கு விட்டால் பேசிவிடுவார்களே. வென்ற படையின் ஆட்களைக் குற்றவாளிகள் மாதிரி வேலிக்குள் போட்டார்கள். குன்றுக்குப் பின்னால் ஒரு பழைய மரக்கொட்டகையில் ஒரு கூட்டம். இசோ வீட்டிலிருந்து நடந்தால் கால்மணி நேரம்.

ஜூன் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, இசோ அப்போதே வேலை பார்த்த சலவைக்கூடத்துக்கு அந்தக் கொட்டகையிலிருந்து மூட்டை வந்தது. வழக்கமாகத் துணியில் பேர் எழுதியிருக்கும். இதில் பேரே இல்லை. கப்பல் எண்ணெய் நாற்றம். பிரித்துப் போட்ட இசோவின் கைக்கு ஒரு கம்பளி இடுப்புப் பட்டை வந்தது. தன் பழைய சிவப்புச் சட்டையைப் பிரித்து அவளே பின்னியது. பாதியில் நூல் போதாமல் சாம்பல் நூல் சேர்த்தாள். சேர்த்த இடத்தில் இரண்டு கண்ணி விட்டுப்போச்சு. "இது பட்டையா, பூசணிக்கொடியா?" என்று அவன் கேலி செய்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டு போனான்.

மூட்டை வண்டி இழுப்பவர் ஹதாதா, ஆஸ்பத்திரி எடுபிடி ஆள். இசோ அவரிடம் போனாள்.

"இது யாரோடது அண்ணே?"

"துணிக்கு வாய் கிடையாது தங்கச்சி. எனக்கும் கிடையாது."

"உசிரோட இருக்காரா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "செத்தவன் துணி சலவைக்கு வராது."

அவள் அழவில்லை. பட்டையைப் பிடித்தபடி நின்றாள். அதைப் பார்த்து மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை.

"வியாழக்கிழமை காலையில குளிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க துணி காயப்போடுற கொடிக்கு அந்தாண்ட வேலி. நீ பாட்டுக்குக் காயப்போடு. கண்ணால பாக்கலாம், கூப்பிடக் கூடாது. ஒரு வார்த்தை வெளிய போச்சு, அம்புட்டுப் பேரையும் மாத்திடுவாங்க. என் தோலையும் உரிச்சிடுவாங்க."

மூன்று நாள் வாயை மூடவேண்டும். அவ்வளவுதான். சலவைக்கூடத்தில் மூடினாள். தண்ணீர்க் குழாயடியில் மூடினாள். கைதான் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலம் தட்டு வைக்கும்போது கடலைப் பார்த்து வைக்க அவளால் முடியவில்லை. அவன் அங்கே இல்லையே. குன்றுப் பக்கம் திருப்பி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ரேஷன் சீட்டு கொடுக்க முனேகத்தாவின் பெண்டாட்டி வந்தாள்.

"என்னடி இது, கடல் அந்தப் பக்கம். தட்டு குன்றப் பாத்து உக்காந்திருக்கு. உன் வீட்டுக்காரர் சாமியாராப் போயிட்டாரா?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். கூட்டும்போது கை தவறித் திரும்பிவிட்டது என்றிருக்கலாம்.

"அவர் அங்கதான் இருக்காருக்கா" என்றாள் இசோ.

அந்த அம்மா கெட்டவள் இல்லை. இசோவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவர் கடமை தெரிந்தவர். சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார். எங்கள் சங்கத் துண்டறிக்கையில் இப்படியெல்லாம் எழுத முடியாது. கெட்டவன் ஒருத்தன் வேண்டும். இல்லாவிட்டால் எவனும் வாங்கமாட்டான்.

புதன்கிழமை காலையிலேயே இராணுவப் போலீஸ் இரண்டு பேர்.

"யார் சொன்னா உனக்கு?"

"பட்டை சொல்லுச்சு."

நக்கல் செய்கிறாள் என்று கன்னத்தில் அறைந்தார்கள். ஹதாதா பேரை அவள் சொல்லவில்லை. ஆனால் வண்டி இழுப்பவர் ஒருத்தர்தானே. அடுத்த வாரம் வேறு ஆள் இழுத்தார்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை இசோ கொடியடியில் நின்றாள். காய்ந்த போர்வையை எடுத்து மறுபடி நனைத்துக் காயப்போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் கதவெல்லாம் திறந்து கிடந்தது. ஒரு ஆள் தரையில் சுண்ணாம்புத் தூள் தெளித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் பிற்பகலே எல்லாரையும் கப்பல் ஏற்றியிருந்தார்கள்.

மறுவருஷம் மார்ச்சில் காகிதம் வந்தது. தென்திசையில் வீரமரணம். கூடவே வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி. திறந்தால் பேர் எழுதிய மரத்துண்டு. இசோ அதைக் குலுக்கிப் பார்த்தாளாம், வேறு ஏதாவது விழுமா என்று.

"எப்படியும் தெற்கே அனுப்பியிருப்பாங்க இசோக்கா" என்றேன். "நீங்க பேசினதால இல்ல."

"தெரியும். ஒருநாள் கழிச்சு அனுப்பியிருப்பாங்க. எனக்கு அந்த வியாழக்கிழமை வேணும்."

நான் சங்கத்துக்காரன். புத்தி எங்கே போகும்? நாங்கள் போர்வை பிழிந்துகொண்டிருந்த அந்த வருஷம் முனேகத்தா சமாதானக் கொடி பிடித்து நகரசபைத் தேர்தலில் நின்றார்.

"இத அப்படியே மேடையில சொல்லுங்க. ஆள் முடிஞ்சார்."

இசோ பிழிவதை நிறுத்தினாள்.

"அவர் முடிஞ்சா உனக்கு நகரசபையில ஒரு சீட்டு. எனக்கு? மொத தடவ பொய்ய சொன்னேன், ஊரே கை தட்டுச்சு. நீயுந்தான் தட்டின. ரெண்டாந்தடவ நெசத்த சொன்னேன். மூணாவது உனக்கு வேணுமாக்கும்." போர்வை முனையை என் கையிலிருந்து பிடுங்கினாள். "பிழியக்கூடத் தெரியல உனக்கு."

முனேகத்தா ஜெயித்தார்.

போன குளிர்காலம் இசோ போய்ச் சேர்ந்தாள். எழுபத்தோரு வயது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டு இருந்தது. செத்தவனுக்கு இப்படி வைக்கக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தது. அன்று ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே எங்கேயோ பார்த்து வைத்திருந்தாள்.

"இது எந்தத் திசை?"

"தெற்குன்னுதான் எழுதினாங்க. எம்புட்டு தெற்குன்னு எழுதல. அதான் தெனம் கொஞ்சம் திருப்பி வெக்கிறேன். வியாழக்கிழமை மட்டும் குன்றுப் பக்கம்."

கிண்ணத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.

"வேர்த்திருக்கு" என்றேன்.

"சூடா ஊத்தினா வேர்க்கும்" என்றாள். "ஆறிப்போவுது. நீயே குடி."