உலை வைக்கிற வீடெல்லாம் கணக்கில் உண்டு

மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குப் போகும் இளைய ஆசிரியர்களுக்கு ஆப், மேப், பிளாக் எல்லாவற்றையும் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அங்கே சொல்லாத ஒன்றை இந்த முறை ஒரு மீனவக் கிராமம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை எழுதி வைக்கிறேன்.

1. ஒரு வரிசை முழுக்கப் பூட்டு

புவனகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை நான். ஓய்வு பெறும் நேரத்தில் சூப்பர்வைசர் ஆர்டர் வந்தபோது, "போற காலத்துல இது வேறயா" என்று வீட்டில் ஒரு பாட்டம் புலம்பினேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் கடலோரமாக இருந்த அந்த ஊரும் என் பொறுப்பில் வந்தது. "அங்க ஆளே கெடைக்காது மேடம், எல்லாம் கடலுக்குப் போயிடுவாங்க" என்று பயமுறுத்தினார்கள்.

அதனால் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நாட்டார் என்றுதான் ஊரில் அவரை அழைப்பார்கள். அவர் சோடா உடைத்துக் கொடுத்து, "கவலய வுடுங்க டீச்சர். நாளைக்கு ஒரு போட்டும் எறங்காது" என்றார். சாயங்காலமே கோயில் மைக்கில் அறிவிப்பு வந்தது: "தலக்கட்டுக்காரங்க எல்லாரும் நாளைக்கு வீட்டுல இருக்கணும்! கணக்கு எடுக்க வர்றாங்க!" கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் முன்வரிசைகள் மளமளவென்று முடிந்தன. மதியம் கணக்கெடுப்பாளர் சுமதியிடமிருந்து போன். அவர் என் பள்ளியிலேயே வேலை பார்ப்பவர்.

"மேடம், பின்னால ஒரு வரிசையே பூட்டியிருக்கு. எல்லாத்தையும் 'பூட்டிய வீடு'ன்னு போட்டுடவா?"

"கைய வெக்காத, வர்றேன்" என்று ஓடினேன்.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதெல்லாம் புருசன் இல்லாத பொம்பளைங்க வீடு டீச்சர். அவுங்களுக்குத் தலக்கட்டு கெடையாது. யாவாரத்துக்குப் போயிருப்பாங்க."

அப்போதுதான் புரிந்தது. கல்யாணமான ஆண் ஒருவர் என்றால் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி வாங்குவதும் ஊர்ப் பொது வருமானத்தில் பங்கு கொடுப்பதும் அந்தக் கணக்கில்தான். புருஷன் இறந்துவிட்டால் அந்த வீடு கணக்கிலிருந்து விழுந்துவிடும். மைக்கில் சொன்னது தங்களுக்கு இல்லை என்று அந்தப் பெண்கள் விடியலிலேயே முந்தின நாள் மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

2. "இருக்கறவள இல்லன்னு எழுதாதீங்க"

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நானும் சுமதியும் காத்திருந்தோம். முதலில் இறங்கியவர் அஞ்சலை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எங்களையா? எங்கள எந்தக் கணக்குல சேத்திருக்காங்க?"

அதற்குள் அவருடைய கொழுந்தனார் வந்துவிட்டார். "அண்ணி எங்க குடும்பந்தான் டீச்சர். எம்பேருக்குக் கீழ எழுதிக்கிங்க."

"ஒங்க வீட்டுல நான் ஒரு வா சோறு தின்னு எத்தன வருசமாவுது?" என்று கேட்டார் அஞ்சலை. கொழுந்தனார் முறைத்துவிட்டு நாட்டாரிடம் போனார்.

நான் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். "அக்கா, இதுல பேரு வந்தா பட்டா வராது, நிவாரணம் வராது. ஆச காட்டிக் கூப்புடல."

"தெரியுது டீச்சர். இருக்கறவள இல்லன்னு எழுதாதீங்க. அது போதும்."

விதிப்படி அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஆனால் ஊரைப் பகைத்துக்கொண்டால் அஞ்சலையோடு கணக்கு நின்றுவிடும், மற்றப் பெண்கள் கதவு திறக்கப் பயப்படுவார்கள். அதனால் கோயில் மண்டபத்துக்கு நடந்தேன்.

3. மண்டபத்துக்குக் கீழே நின்று

நாட்டார் முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை. "தனித் தலக்கட்டா எழுதிட்டா நாளைக்கு ஊர்ப் பங்குலயும் வந்து நிப்பாங்க டீச்சர்."

"இது ஒங்க ஊர்க் கணக்கு இல்லீங்க. எந்த வீட்டுல தனியா உலை வைக்கிறாங்களோ, அது ஒரு குடும்பம். அவ்வளவுதான் ரூலு" என்றேன். அவர் அசையவில்லை.

ஊர்ப் பெண்கள் அந்த மண்டபத்தில் ஏறுவதில்லை. பின்னாலேயே வந்த அஞ்சலை கீழே மணலில் நின்றபடி குரல் கொடுத்தார்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். தண்ணி ஊருக்குள்ள பூந்தப்ப பள்ளிக்கூடத்துல வெச்சு நீங்கதான தல எண்ணுனீங்க? அஞ்சலையக் காணமேன்னு கழுத்தளவு தண்ணியில வந்து என்னைய இழுத்தாந்தீங்க. அன்னைக்கு வரி பாத்தா எண்ணுனீங்க?"

கொழுந்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இருடா" என்றார் நாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் அவரே மைக்கைப் பிடித்தார்.

"ஊர்ல தனியா ஒல வெக்கிற ஒரு வீடு பாக்கியில்லாம நாளைக்குத் தொறந்திருக்கணும். யாரும் யாவாரத்துக்குப் போவாதீங்க. பொம்பளைங்களுக்குந்தான் சொல்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். தன் ஊர் வழக்கத்தைத் தானே ஒரு படி தாண்டி வருவது யாருக்கும் லேசான காரியம் இல்லை.

இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு ஊரை எண்ணப் போகும் முன், அந்த ஊர் தன்னை எப்படி எண்ணிக்கொள்கிறது என்று கேளுங்கள். அதில் விழுந்துபோகிறவர்கள் யார் என்று கேளுங்கள். அவர்கள் வாசலுக்கு முதலில் போங்கள். நான் அதைக் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை பின்வரிசையில் ஒரு பூட்டுகூட இல்லை. சுமதி போனைத் திறந்து, "குடும்பத் தலைவர் பேரு?" என்றார். பழக்கத்தில் அஞ்சலை இறந்துபோன புருஷன் பெயரைச் சொன்னார்.

"இப்ப இந்த வீட்டுல இருக்கறவங்க பேரக்கா."

கொஞ்சம் தயங்கி, "அஞ்சலை" என்றார். "என்னா எழுதுன, படி கண்ணு."

"குடும்பத் தலைவர், அஞ்சலை. பெண்."

"இன்னொரு வாட்டி படி."

சுமதி சத்தமாகவே படித்தார். அடுத்த வீட்டுக்கு நாங்கள் நகர்ந்தபோது, வாசலில் தலை சீவிப் பூ வைத்துக் காத்திருந்த பெண், கேள்வி வரும் முன்பே சொன்னார்: "குடும்பத் தலைவர், கோவிந்தம்மா."