சாப்பாட்டுக்கு அரை மணி முன்

மாத்திரையை விழுங்கிவிட்டு, பேக்கரியின் பின்பக்க ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் கேக் அக்கா. அரை மணி கழித்துத்தான் சாப்பாடு. அதுவரை யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஜன்னல் வெயிலில் மாவுத்தூசி மெல்ல மிதக்கும். அவளும் அதோடு சேர்ந்து எங்கேயோ மிதந்துகொண்டிருப்பாள்.

"என் வயிறு ஆபீஸ் மாதிரி. உள்ள போன ஃபைல் லேசுல நகராது. இந்த மாத்திரை போய்த் தட்டினாத்தான் அனுப்புவாங்க," என்பாள்.

மாத்திரைக்கு முந்திய நாட்களை நினைத்தாலே பாவமாக இருக்கிறது. காலையில் தின்ற இரண்டு வாய் ரொட்டி சாயங்காலம் வரை நெஞ்சுக்குழியில் கல்லாகக் கிடக்கும். புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். வெண்ணெய் வாசம் பட்டாலே குமட்டும். பிழைப்போ, நாள் முழுக்கக் கிரீம் பிழிவது.

கேக்கின் மேல் பெயர் எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் எழுதுவாள். கிரீம் சுழித்தால் உதடும் சுழிக்கும். கடையில் எல்லோருக்கும் பழகிப்போன வேடிக்கை அது. அதனால்தான் கொஞ்ச நாளாக அந்த உதடு ஓயாமல் அசைவது யாருக்கும் உறைக்கவில்லை. "அக்கா கனவுலயும் கேக்குக்குப் பேர் எழுதறாங்க," என்று சிரித்ததோடு சரி.

பஸ் ஓட்டும் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. நேற்று மத்தியானம் அவளோடு சாப்பிட வந்தவர், எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன எழுதற?"

"ஒண்ணும் எழுதலையே."

"அப்ப உதடு ஏன் ஆடுது? அப்படி ஆடினா மாத்திரைய நிறுத்திட்டு உடனே வரணும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

அக்காவுக்கும் தெரியும். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது அவளுக்கு வழக்கமாகியிருந்தது.

"சொன்னா நிறுத்திடுவாங்க. மறுபடியும் அந்தக் குமட்டலா? இப்பதாங்க மனுஷி மாதிரி நாலு வாய் திங்கறேன்."

"வேற வழி இருக்கான்னு கேப்போம். வண்டிய விட்டுட்டு நானும் கூட வரேன்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் நிழல் சுவரில் ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. இரண்டு விரலால் உதட்டை அழுத்திப் பிடித்தாள். விரலுக்கு அடியிலும் அது தன்பாட்டுக்கு அசைந்தது. மற்ற கையால் ஏப்ரன் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து, அவர் சட்டைப் பையில் போட்டாள்.