கத்தரிக்குப் போட்ட பிடி

ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் ஆசிரியராகச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் வருஷம் நான்கு 3டி பிரிண்டர்கள் வந்தன. கண்ணாடி அறை கட்டி, ஏசி போட்டு உள்ளே வைத்தார்கள். மாணவர்கள் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

"தொட்டுப் பழகாம இதை எப்படி சார் சொல்லிக் கொடுக்கறது?" என்று முதல்வரிடம் நாலு தடவை போய் நின்றேன். கடைசியில் மாணவர்களை உள்ளே விட வாரம் ஒரு மதியம் கிடைத்தது.

அந்த மதியத்தை ஒருநாளும் விடாமல் வந்தவள் ஒரு மூன்றாம் வருஷ மாணவி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அம்மாவுக்கு பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வேலை. நாளெல்லாம் கத்தரி பிடித்துக் கட்டைவிரல் அடி வீங்கிவிடுகிறது, கத்தரிமேல் மாட்டுகிற மாதிரி ஒரு பிடி செய்யலாமா என்று கேட்டாள். அம்மாவின் கையைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

முதல் பிடி இரண்டே நாளில் பிளந்தது.

"பிளாஸ்டிக் சரியில்லையா சார்?"

"பிளாஸ்டிக் நல்லாத்தான் இருக்கு. எங்க உடைஞ்சிருக்குன்னு பாரு."

மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி, நூல் நூலாக அடுக்கிக்கொண்டே போகும். அடுக்கும் அடுக்கும் ஒட்டுகிற இடம்தான் பலவீனம். அவள் பிடியை நிற்கவைத்து பிரிண்ட் அடித்திருந்தாள். விரலின் அழுத்தம் முழுக்க அந்த ஒட்டில் விழுந்திருந்தது. உடைந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தவள், நான் வாய் திறப்பதற்குள், "படுக்கவெச்சு அடிக்கணும்" என்றாள். ஆசிரியனாக எனக்கு அப்படி ஒரு மதியம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

இரண்டாவது பிடி உடையவில்லை. கூட வேலை செய்கிற பெண்களும் ஆளுக்கொன்று கேட்பதாக வந்து சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் அங்கீகாரக் குழு வந்தது. அன்று காலை கண்ணாடி அறையில் வெல்வெட் துணிமேல் அந்தப் பிடி இருந்தது. பக்கத்து அட்டையில் முதல்வர் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

"சார், அந்தப் பொண்ணு பேரு..."

"ஸ்டூடன்ட் பேரு போட்டா அது ப்ராஜெக்ட். நம்ம பேரு போட்டா ரிசர்ச்," என்றார் முதல்வர். "உங்க ப்ரமோஷன் ஃபைலும் என் டேபிள்லதான் இருக்கு."

தலையாட்டினேன்.

குழுவை வரவேற்கப் பட்டுப்புடவையில் நிறுத்தியிருந்த மாணவிகளில் அவளும் ஒருத்தி. குழுவில் மூத்தவர் பிடியை எடுத்து விரல்களைப் பொருத்திப் பார்த்தார். "இந்த ஐடியா உங்களுக்கு எப்படி வந்தது?" என்று என்னிடம் கேட்டார். நாலடி தூரத்தில் அவள் நின்றிருந்தாள். அப்போதாவது கை காட்டியிருக்கலாம்.

"பூப் பறிக்கிற பொம்பளைங்க கையைப் பார்த்தேன் சார். கட்டைவிரல் அடி வீங்கியிருந்தது," என்றேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தாள். அழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"எங்கம்மாவ நீங்க எப்ப சார் பாத்தீங்க?"

கையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அவள் போய்விட்டாள்.

அதன்பின் அந்த அறைப் பக்கமே அவள் வரவில்லை. கடைசி வருஷ ப்ராஜெக்டை டவுன் கடையில் ரெடிமேடாக வாங்கி வைத்தாள். பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். அவளுக்கு அது தேவையே இல்லை. வைவாவில் என் முகத்தைப் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பித்தாள். கடைச்சரக்கு என்று தெரிந்தே முழு மதிப்பெண் போட்டேன். அதையும் ஒரு கூலி மாதிரிதான் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது நான் இணைப் பேராசிரியர். கண்ணாடி அறைக்கு நான்தான் பொறுப்பு. மாணவர்கள் மறுபடி வெளியே நின்றுதான் பார்க்கிறார்கள். அட்மிஷன் சமயத்தில் வருகிற பெற்றோருக்குக் கல்லூரிப் பெயர் போட்ட கீச்செயின் அடித்துக் கொடுக்கிறோம். போன வாரம் மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்த ஒரு அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனி ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"இதெல்லாம் பசங்களே செய்வாங்களா சார்?"

"செய்வாங்க," என்றேன்.